வீட்டு ஆபீஸ் மூலையைப் புதுசாக்க எவ்வளவு செலவு பண்ணலாம்? கார்டை எடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு



வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நிறைய பேருக்கு 2020-ல் அவசரத்துக்குப் போட்ட ஏற்பாடுதான் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. டைனிங் டேபிள், பிளாஸ்டிக் சேர், முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. லாக்டவுன் முடிஞ்சு, பாதிப் பேர் ஆபீஸுக்குத் திரும்பிப் போய், வாரத்தில் ரெண்டு நாள் மூணு நாள்னு ஹைபிரிட் வந்தாச்சு. அந்தத் தலையணை மட்டும் அங்கேயே இருக்கு.

ஒரு நாள் இடுப்பு பிடிக்கும். அன்னைக்கு ராத்திரி போனைத் திறந்தா ஒரு 'டெஸ்க் செட்டப்' வீடியோ வரும். பெரிய மர டேபிள், பின்னாடி நீல வெளிச்சம், ரெண்டு மானிட்டர், ஓரத்தில் ஒரு குட்டிச் செடி. பார்த்துக்கிட்டே இருக்கும்போது கார்ட்டில் 40,000 ரூபாய்க்குச் சாமான் சேர்ந்திருக்கும். கீழே 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று ஒரு பட்டன். அந்தப் பட்டனை அழுத்தும் முன் படிக்கத்தான் இந்தக் கட்டுரை.

செலவு பண்ணவே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. உங்க சம்பளம் மொத்தமும் அந்த மூலையில் உட்கார்ந்துதான் வருது. அதில் பணம் போடுறது நியாயமான செலவுதான். எதில் முதலில் போடணும், எவ்வளவு போடணும் என்பதில்தான் பெரும்பாலானவங்க தலைகீழாகப் போறாங்க. கண்ணுக்குத் தெரியுற பொருளை முதலில் வாங்கிட்டு, உடம்பு தாங்குற பொருளைக் கடைசிக்குத் தள்ளிடுறாங்க.

வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் உட்காருறீங்க?

விலையைப் பார்க்கும் முன் இந்த எண்ணைக் கண்டுபிடிங்க. முழுக்க வீட்டிலிருந்தே வேலைன்னா, ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மாசத்துக்கு 22 நாள், 12 மாசம். மொத்தம் 2,112 மணி நேரம்.

இப்போ ரெண்டு சேரை எடுத்துக்குவோம். ஒண்ணு 12,000 ரூபாய், ஒழுங்காப் பார்த்துக்கிட்டா 5 வருஷம் வரும்னு வச்சுக்குங்க. 10,560 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 1 ரூபாய் 14 காசு. இன்னொண்ணு 4,500 ரூபாய், ஆன்லைன் ஆஃபர். ஒன்றரை வருஷத்தில் சீட்டு அமுங்கி, கை வைக்கிற இடம் ஆட ஆரம்பிச்சிடும்னு வச்சுக்குங்க. 3,168 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 1 ரூபாய் 42 காசு. மலிவா வாங்கினதுதான் மணிக்கணக்கில் காஸ்ட்லி. இதில் இடுப்பு வலிக்கு பிசியோதெரபிக்குப் போற செலவை நான் சேர்க்கவே இல்லை.

ஆனா இதே கணக்கை வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வீட்டில் வேலை பார்க்கிறவர் போட்டால் கதை மாறிடும். மாசத்துக்கு 4 நாள், வருஷத்துக்கு 384 மணி நேரம். அதே 12,000 ரூபாய் சேர், அதே 5 வருஷம், ஒரு மணி நேரத்துக்கு 6 ரூபாய் 25 காசு. அவருக்கு அந்தச் சேர் தேவையில்லை. இருக்கிற டைனிங் சேரில் உயரத்தைச் சரி பண்ணிக்கிட்டாலே போதும். யூடியூப்பில் ஒருத்தர் 'எல்லாரும் கட்டாயம் வாங்க வேண்டிய சேர்'னு சொன்னா, அவருக்கு உங்க மணிக்கணக்கு தெரியாதுங்கறதை ஞாபகம் வச்சுக்குங்க.

செலவுக்கு ஒரு உச்ச வரம்பும் வேணும். நான் பரிந்துரைக்கிறது, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறதால் உங்களுக்கு மிச்சமாகும் பயணச் செலவு. பெட்ரோல், பஸ், மெட்ரோ, வெளியில் குடிக்கிற டீ எல்லாம் சேர்த்து மாசம் 3,000 மிச்சமாகுதுன்னா, ஆறு மாசத்துக்கு 18,000. அதுக்குள்ள முடிங்க. அவசரகால நிதியில் கை வைக்க வேண்டாம். கையில் பணம் இல்லைன்னா அந்த 3,000-ஐ மாசாமாசம் ஒரு ஆர்டியில் போட்டுட்டு, சேர்ந்த அளவுக்கு ஒவ்வொண்ணா வாங்குங்க. ஒரே நாளில் எல்லாம் மாறணும்னு யாரும் கேட்கலை.

ரெண்டு வாரம், ஒரு பேப்பர்

வாங்குறதுக்கு முன்னாடி டேபிளில் ஒரு பேப்பரை ஒட்டி வைங்க. வேலை பார்க்கும்போது எது தொல்லை பண்ணுதோ அதை அப்போதே ஒரு வரியில் எழுதுங்க. 'மூணு மணிக்குக் கழுத்து வலி', 'வெயில் நேரா கண்ணில்', 'கால் பாதம் மரத்துப் போச்சு', 'சார்ஜர் வயர் எட்டலை', 'மீட்டிங் நடுவில் ஹாலில் சீரியல் சத்தம்'.

ரெண்டு வாரம் கழிச்சுப் பாருங்க. எது அஞ்சு தடவைக்கு மேல வந்திருக்கோ அதுக்குத்தான் பணம். கார்ட்டில் போட்டு வச்சிருக்கிற பொருளில் பாதிக்கு அந்தப் பேப்பரில் ஒரு வரிகூட இருக்காது. 'நீல வெளிச்சம் இல்லாததால் வேலை ஓடலை'ன்னு யாரும் எழுதப் போறதில்லை. சீரியல் சத்தத்துக்கு ஹெட்போன் வாங்கலாம், இல்லைன்னா மீட்டிங் நேரத்தை வீட்டில் சொல்லி வைக்கலாம். ரெண்டாவதுதான் மலிவு, ஆனா கஷ்டம்னு எனக்கும் தெரியும்.

எந்த இடம் என்பதே ஒரு பணக் கணக்கு

வாடகை வீட்டில் இருக்கிறவங்க இதை ஒரு தடவை போட்டுப் பாருங்க. 800 சதுர அடி வீடு, வாடகை 18,000 ரூபாய். ஒரு சதுர அடிக்கு மாசம் 22 ரூபாய் 50 காசு. ஒரு டேபிளும் சேரும் போட்டு உட்கார 5 அடிக்கு 6 அடி வேணும், அதாவது 30 சதுர அடி. மாசம் 675 ரூபாய், வருஷத்துக்கு 8,100 ரூபாய். துணி காயப் போடுறதுக்கு மட்டும் பயன்படுற டிரெட்மில், யாரும் உட்காராத பழைய சோஃபா, அட்டைப் பெட்டியிலேயே இருக்கிற பழைய டிவி, இதெல்லாம் உங்க வீட்டில் இந்த அளவு வாடகைக்குக் குடியிருக்கு. அதைக் காலி பண்ணாலே ஒரு நல்ல இடம் கிடைக்கும், வித்த காசும் கையில் வரும். புது டேபிள் வாங்குறதுக்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

இதைவிடப் பெரிய விஷயம் சூடு. நம்ம ஊர் வீடுகளில் மேற்குச் சுவர் மதியம் ரெண்டு மணிக்கு மேல் அடுப்பு மாதிரி ஆகிடும். மேல் மாடின்னா கான்கிரீட் தளத்தின் சூடு ராத்திரி வரை இறங்கிக்கிட்டே இருக்கும். அந்த அறையில் டேபிளைப் போட்டா அடுத்து ஏசி போடத்தான் கை போகும்.

ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி சுமாரா ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்னு வச்சுக்குங்க. வேலை நேரம் 8 மணி, ரெண்டு மாசத்தில் 44 வேலை நாள். 352 யூனிட். இதுவரைக்கும் ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் ஓடின வீடு இப்போ 652 யூனிட். தமிழ்நாட்டு மின் கட்டணத்தில் ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா, தாண்டின யூனிட்டுக்கு மட்டும் இல்லை, கீழே இருக்கிற சில யூனிட்டுகளுக்கும் ரேட் மாறிடும். 2024 ஜூலையில் மாத்தின கட்டணப்படி போட்டுப் பார்த்தா, இந்த ஏசி ஒண்ணால மட்டும் ஒரு பில்லுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் கூடும். கோடை முழுக்க ரெண்டு பில் வரும். அப்போ 5,000 ரூபாய்க்கு மேல் போயிடுச்சு. ஒவ்வொரு வருஷமும்.

அதனால டேபிளை எங்கே போடுறதுன்னு முடிவு பண்ணும் முன், ஒரு வெயில் நாளில் மதியம் மூணு மணிக்கு வீட்டை ஒரு சுத்து சுத்தி வாங்க. எந்தச் சுவரில் கை வச்சா சுடலையோ அந்தப் பக்கம் போங்க. வடக்கு, கிழக்குப் பக்கம் ஜன்னல் இருக்கிற அறை கிடைச்சா பாதி நாள் ஃபேனிலேயே ஓட்டிடலாம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம்தான். அந்த மிச்சம் வேலை நேரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டா ரெண்டு மாசத்துக்கு 16 யூனிட்தான் வரும். இருக்கிற ஃபேன் நல்லா ஓடுதுன்னா அதுக்காகவே மாத்த வேண்டாம், அது ரிப்பேர் ஆகும்போது மாத்திக்கலாம்.

ஜன்னல் உங்களுக்கு நேர் எதிரே இருந்தா கண் கூசும். முதுகுக்குப் பின்னால் இருந்தா ஸ்கிரீனில் வெளிச்சம் அடிக்கும், வீடியோ காலில் உங்க முகம் கறுப்பா நிழலா தெரியும். பக்கவாட்டில் இருக்கிற மாதிரி டேபிளைத் திருப்புங்க. புது வெப்கேம் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க முதலில் டேபிளை 90 டிகிரி திருப்பிப் பாருங்க, பல பேருக்கு அதோட பிரச்சனை முடிஞ்சிடும்.

டேபிள் உங்களுக்குச் செஞ்சது இல்லை

கடையில் கிடைக்கிற டேபிள்கள் பெரும்பாலும் 29 முதல் 30 இஞ்ச் உயரம். டைனிங் டேபிளும் அப்படித்தான். பாதம் தரையில் பதிய உட்கார்ந்து, அந்த உயரத்தில் தோளைத் தூக்காம டைப் பண்ணணும்னா நீங்க நல்லா ஆறடிக்குப் பக்கத்தில் இருக்கணும். 5 அடி 2 இஞ்ச் உயரம் உள்ள ஒருத்தர் பாதம் தரையில் பட உட்கார்ந்தா, அவங்க முழங்கை தரையிலிருந்து சுமாரா 24, 25 இஞ்ச்சில் இருக்கும். டேபிள் அதைவிட அஞ்சு இஞ்ச் மேலே. அப்போ என்ன ஆகும்? நாள் முழுக்கத் தோளைத் தூக்கி வச்சுக்கிட்டே டைப் பண்ணணும். சாயங்காலம் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் பிடிக்கிற வலி பெரும்பாலும் இங்கேயிருந்துதான் வருது. நம்ம வீடுகளில் பெண்களுக்கு இந்த வலி அதிகம் இருக்க இதுவும் ஒரு காரணம்.

இதுக்கு 25,000 ரூபாய் மோட்டார் டேபிள் வேண்டாம். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, சேரை மேலே ஏத்திட்டு, காலுக்கு அடியில் நாலு அஞ்சு இஞ்ச்சில் ஒரு பலகையோ பழைய மணையோ வைக்கிறது. இன்னொண்ணு, மர டேபிளா இருந்தா ஆசாரியைக் கூப்பிட்டு நாலு காலையும் அளந்து அறுத்து விடச் சொல்றது. அரை மணி நேர வேலை, சில நூறு ரூபாய் கூலி. அறுக்கும் முன் நீங்க வேலை பார்க்கும் சேரிலேயே உட்கார்ந்து அளவு எடுங்க, வீட்டில் வேற யாராவது அதே டேபிளில் உட்காருவாங்களான்னும் யோசிச்சுக்குங்க. அறுத்தது ஒட்டாது.

லேப்டாப்பில் இன்னொரு சிக்கல் இருக்கு. ஸ்கிரீனும் கீபோர்டும் ஒண்ணா ஒட்டியிருக்கு. கை சரியா இருந்தா கழுத்து குனியும், கழுத்து சரியா இருந்தா கை மேலே தூக்கும். ரெண்டையும் பிரிக்கணும். லேப்டாப்பை நாலு தடிப் புத்தகத்தின் மேல் வைங்க, ஸ்கிரீனின் மேல் விளிம்பு உங்க கண் உயரத்துக்கு வந்தா போதும். தனியா ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்குங்க. வயர் உள்ள செட் 1,000 ரூபாய் பக்கம் கிடைக்கும், சென்னைக்காரங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனா டைப் பண்ணிப் பார்த்தே வாங்கலாம். இந்த மொத்தக் கட்டுரையில் போட்ட காசுக்கு அதிகப் பலன் தர்ற பொருள் எதுன்னு கேட்டா, எனக்கு இந்த ஆயிரம் ரூபாய் கீபோர்டுதான்.

சேர்: பழசு வாங்கலாமா?

தாராளமா. நல்ல ஆபீஸ் சேர் தினம் எட்டு மணி நேரம் வருஷக்கணக்கா உட்காரச் செஞ்சது. கம்பெனிகள் இடம் மாறும்போது, ஆபீஸைச் சின்னதாக்கும்போது இந்தச் சேர்களை மொத்தமா தள்ளி விடுவாங்க. பழைய ஆபீஸ் ஃபர்னிச்சர் கடைகளில், ஓஎல்எக்ஸில் புது விலையில் பாதிக்கும் கீழேயே பார்க்கலாம். 6,000, 7,000 ரூபாய்க்குப் புதுசா கிடைக்கிற சுமாரான சேரைவிட, அதே விலைக்குக் கிடைக்கிற நல்ல பழைய சேர் மேல்.

ஆனா நேரில் போய் உட்காராம வாங்காதீங்க. சேரை முழுக்க மேலே ஏத்திட்டு பத்து நிமிஷம் உட்காருங்க. மெல்லக் கீழே இறங்கினா கேஸ் சிலிண்டர் போச்சு. அது பெரிய விஷயம் இல்லை, மாத்திடலாம், விலையைக் குறைச்சுக் கேளுங்க. சக்கரமும் மாத்திடலாம். வலை கிழிஞ்சிருந்தாலோ, கீழே இருக்கிற அஞ்சு கால் பேஸில் விரிசல் இருந்தாலோ விட்டுடுங்க. பின்னால் சாய்ந்து உட்கார்ந்தா, முழங்காலின் பின்பக்கத்துக்கும் சீட்டு விளிம்புக்கும் நடுவில் ரெண்டு மூணு விரல் போகணும். போகலைன்னா அந்தச் சீட்டு உங்களுக்கு நீளம், எவ்வளவு பெரிய பிராண்டா இருந்தாலும் வேண்டாம்.

கடைசியா ஒண்ணு, கூச்சப்படாம சேரைக் கவுத்துப் போட்டுத் தையல் ஓரமெல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. மூட்டைப்பூச்சி. வீட்டுக்குள்ள வந்துட்டா, சேரில் மிச்சம் பிடிச்ச காசைவிட அதை விரட்டுற செலவு அதிகம். வாங்கினதும் ஒரு நாள் மொட்டை மாடி வெயிலில் போட்டுட்டு அப்புறம் உள்ளே கொண்டு வாங்க.

ரேஸ் கார் சீட்டு மாதிரி இருக்கிற கேமிங் சேர் பத்திக் கேட்பீங்க. ரெக்ஸின் உறை, நம்ம ஊர் வேர்வை. நாள் முழுக்க முதுகு ஈரம், கொஞ்ச நாளில் உறை உரிஞ்சு சட்டையில் ஒட்டும். வலை முதுகு உள்ள சேர் பார்க்கச் சாதாரணமா இருக்கும், ஆனா காத்து போகும்.

உங்க காசுதான் போடணுமா?

சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவங்க இதை யோசிக்கிறதே இல்லை. ஆபீஸில் சும்மா இருக்கிற மானிட்டர், சேரை வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போக எத்தனையோ கம்பெனிகளில் அனுமதி கிடைக்கும், கேட்கணும். மேனேஜருக்கும் ஹெச்ஆருக்கும் ரெண்டு வரி மெயில் போதும். 'வாரத்தில் மூணு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன், ஒரு மானிட்டரும் சேரும் பயன்பாட்டுக்குக் கிடைக்குமா?' கிடைச்சா கையெழுத்துப் போட்டு வாங்கின சீட்டைப் பத்திரமா வைங்க, வேலையை விடும்போது தேவைப்படும்.

வரி எப்படி? கம்பெனி தர்ற லேப்டாப், கம்ப்யூட்டரைப் பயன்படுத்துறதுக்கு உங்களுக்கு வரி கிடையாது. சேர் மாதிரி மத்த பொருட்களைச் சொந்த உபயோகத்துக்குக் கொடுத்ததா கணக்கு வச்சா, அதன் விலையில் வருஷத்துக்கு 10 சதவீதம் உங்க வருமானத்தோடு சேரும். 12,000 ரூபாய் சேருக்கு வருஷம் 1,200. 20 சதவீத ஸ்லாபில் இருந்தா வரி 240 ரூபாய், செஸ் சேர்த்தா 250. பயப்பட ஒண்ணும் இல்லை. ஆனா 'வீட்டு ஆபீஸ் அலவன்ஸ்'னு சம்பளத்தோடு மொத்தமா பணமா கொடுத்தா அது சம்பளம் மாதிரியே வரிக்கு வரும், 10,000-ன்னு சொன்னது கையில் வரும்போது குறையும்.

நீங்களே உங்க காசில் வாங்கினா, சம்பளக்காரருக்கு அந்தப் பில்லுக்குத் தனிக் கழிவு கிடையாது. புது வரி முறையில் 75,000, பழைய முறையில் 50,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் இருக்கு இல்லையா, அதுக்குள்ளதான் எல்லாம் அடக்கம். 'பில்லை வச்சுக்குங்க சார், டாக்ஸில் கழிச்சுக்கலாம்'னு கடைக்காரர் சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க.

ஃப்ரீலான்சர்களுக்கு வேற கணக்கு. பழைய சட்டத்தில் 44ஏடிஏ என்று சொன்ன முறையில், குறிப்பிட்ட தொழில்களில் இருக்கிறவங்க மொத்த வரவில் பாதியை லாபம்னு காட்டிட்டுப் போகலாம். வரம்பு 50 லட்சம், ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள்ள இருந்தா 75 லட்சம். இந்த முறையில் போறவங்களுக்குச் செலவெல்லாம் அந்தப் பாதியில் கழிஞ்சு போச்சு, சேர் பில்லால் வரி குறையாது. முழுக் கணக்கு எழுதுறவங்களுக்கு ஃபர்னிச்சருக்கு வருஷம் 10 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம் தேய்மானம் உண்டு. வாங்கின வருஷம் 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா அதில் பாதிதான். ஜிஎஸ்டி பதிவு வச்சிருக்கிறவங்க வாங்கும்போதே உங்க ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துப் பில் போடச் சொல்லுங்க. பிறகு மாத்தித் தரச் சொன்னா ஆன்லைன் கடைகளில் அலைய வேண்டியிருக்கும்.

'நோ காஸ்ட்' இஎம்ஐயில் காஸ்ட் எங்கே இருக்கு?

வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. இப்போ நடக்கிறது வேற ஏற்பாடு. வங்கி வட்டி போடும், அந்த வட்டி அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி தருவார். உங்க கண்ணுக்கு ரெண்டும் சரியாகிடும்.

12,000 ரூபாய் சேர், 6 மாசம், மாசம் 2,000. வங்கி வட்டி 15 சதவீதம்னு வச்சா, இதில் வட்டி சுமார் 508 ரூபாய். அதைத் தள்ளுபடி ஈடு கட்டிடும். ஆனா அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 91 ரூபாய், அது உங்க தலையில். பிராசஸிங் ஃபீஸ் 199 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும் சேர்த்து 235. மொத்தம் 326 ரூபாய். சின்னத் தொகைதானேன்னு தோணும். வருஷக் கணக்கில் பார்த்தா 9 சதவீத வட்டிக்குப் பக்கத்தில் வருது. அதோட, மொத்தமா கட்டினா கிடைக்கிற உடனடித் தள்ளுபடி இஎம்ஐக்குப் பல நேரம் கிடைக்காது. ரெண்டு விலையையும் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

என் பெரிய கவலை அந்த 326 ரூபாய் இல்லை. மாசம் 2,000 தானேன்னு சேர், அப்புறம் 1,500 தானேன்னு மானிட்டர், 1,200 தானேன்னு டேபிள். மூணும் ஓடும்போது ஒரு எஸ்ஐபி நிற்கும்.

கரண்டும் நெட்டும்

மாசாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மதியம் வரை கரண்ட் நிறுத்துற நாள் நம்ம ஊரில் வாடிக்கை. லேப்டாப்பில் பேட்டரி இருக்கு, ரவுட்டரில் இல்லை. அதுக்காக 20,000 ரூபாய் செலவில் இன்வெர்ட்டர் போட வேண்டியதில்லை. ரவுட்டருக்கு மட்டும் ஒரு மினி யூபிஎஸ், 1,500 ரூபாய் பக்கம். சில மணி நேரம் தாங்கும். உங்க ரவுட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்னு எழுதியிருக்குன்னு பார்த்து அதுக்குப் பொருந்துறதா வாங்குங்க. ஃபைபர் இணைப்பில் மோடமும் ரவுட்டரும் தனித்தனியா இருந்தா ரெண்டுக்கும் கரண்ட் வேணும், ஒண்ணுக்கு மட்டும் கொடுத்துட்டு நெட் வரலைன்னு யூபிஎஸ்ஸைத் திட்டாதீங்க.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் காசைக் குறைக்க வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதா, நல்ல தடிமனான வயரோடு இருக்கணும். இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் எல்லாம் அதில் செருகவே கூடாது.

18,000 ரூபாய் பட்ஜெட் எப்படிப் போகும்?

முழு நேரமும் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற ஒருத்தருக்கு நான் இப்படிப் போடுவேன். பழைய ஆபீஸ் சேர் 6,500. கீபோர்டு, மவுஸ் 1,000. லேப்டாப் ஸ்டாண்டு 600, புத்தகம் அடுக்கினா அதுவும் மிச்சம். டேபிள் காலை அறுக்க ஆசாரிக் கூலி 500. மினி யூபிஎஸ் 1,500. டேபிள் மேலே நிழல் விழாத மாதிரி ஒரு எல்இடி விளக்கு 500. மொத்தம் 10,600.

மிச்சம் 7,400 இருக்கு. இங்கேதான் கை துறுதுறுன்னு இருக்கும். மூணு மாசம் அதைத் தொடாதீங்க. திரும்ப ஒரு பேப்பரை ஒட்டுங்க. எக்ஸெல் ஷீட்டும் கோடும் ஒரே ஸ்கிரீனில் அடங்கலைன்னு அந்தப் பேப்பர் சொன்னா, கூடக் கொஞ்சம் போட்டு 24 இஞ்ச் மானிட்டர் ஒண்ணு வாங்கலாம். ஒண்ணும் சொல்லலைன்னா அந்தப் பணம் உங்க முதலீட்டுக்குப் போகட்டும். குட்டிச் செடி வேணும்னா மணி பிளான்ட் ஒரு கிளையைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி, தண்ணி பாட்டிலில் வைங்க. அதுக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

வாங்கின எல்லாத்தோட பில்லையும் அன்னைக்கே போட்டோ எடுத்து ஒரே ஃபோல்டரில் போடுங்க. கடைகளில் தர்ற அந்த வழவழப்பான பில் பேப்பரில் எழுத்து சில மாசத்தில் மங்கிடும், வாரன்ட்டி கேட்டுப் போகும்போது வெள்ளைத் தாள்தான் கையில் இருக்கும். சேருக்கு வாரன்ட்டி எதெதுக்குன்னும் படிச்சுக்குங்க. மூணு வருஷம்னு பெருசா போட்டுட்டு, வலைக்கும் குஷனுக்கும் கிடையாதுன்னு கீழே சின்னதா எழுதியிருப்பாங்க.

உங்க மணிக்கணக்கு எவ்வளவு வந்துச்சு, ரெண்டு வாரப் பேப்பரில் எந்த வரி அதிகம் வந்துச்சுன்னு கமென்ட்டில் எழுதுங்க. பழைய ஆபீஸ் சேர் எந்த ஊரில் எந்த ஏரியாவில் நல்லா கிடைக்குதுன்னு தெரிஞ்சவங்க அதையும் சேர்த்துச் சொல்லுங்க, மத்தவங்களுக்கு உதவும்.